கடைசி பெஞ்சுக்குத் தெரியும் ஸ்லைடு, வீட்டுப் போனில் திறக்கும் வகுப்புத் தளம்

ஜூன் மாதம் வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிய பாடக்குறிப்பைத் தேர்வுக்கு முந்தின நாள் ஒரு பிள்ளை தேடினால் கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு அடியில் அது கிடக்கும். போன் மாற்றிய வீட்டில் அடியோடு போயிருக்கும். வகுப்புக்கென்று ஓர் இணையதளம் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். முகவரி மாறக் கூடாது, எப்போது போனாலும் பாடம் அங்கே இருக்க வேண்டும். அந்தத் தளத்தில் வைக்கத் தகுந்த முதல் பொருள், வகுப்பில் நீங்கள் காட்டிய ஸ்லைடுகள்.

கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களை மனதில் வைத்துச் சொல்வது: வகுப்பறையின் கடைசி பெஞ்சு, வீட்டில் இருக்கும் அந்த ஒரே போன். இந்த இரண்டிலும் படிக்க முடியாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

கருவிகள் இலவசமானவை: கூகுள் ஸ்லைட்ஸ், கூகுள் சைட்ஸ். இரண்டுக்கும் ஒரு ஜிமெயில் கணக்கு போதும். பவர்பாயிண்டில் பழகியவர்கள் அதிலேயே செய்யலாம். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருப்பதாகவே கொண்டு, அவற்றின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தளத்தை முதலில் தொடங்கிவிட்டு, போடப் பொருளில்லாமல் காலியாக விடுபவர்கள் நிறைய. அதனால் ஒரு பாடத்துக்கான ஸ்லைடுகளை முழுதாக முடியுங்கள், பிறகு தளத்துக்கு வாருங்கள்.

எழுத்துருச் சிக்கலை முதலில் தீருங்கள்

நண்பர் தந்த பழைய பிரசன்டேஷனை ஹைடெக் லேப் கணினியில் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல் தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்று பொருள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிந்துவிடும். இணையதளத்திலோ போனிலோ இது ஒருபோதும் தமிழாகத் தெரியாது, தேடினாலும் கிடைக்காது.

ஒரே தீர்வு யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் வைத்திருக்கும் உலகப் பொதுக் குறியீட்டு முறை. தமிழ்நாடு அரசும் 2010இல் இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய கோப்பை மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் மூன்றை மட்டும் கண்ணால் சரிபாருங்கள்: கிரந்த எழுத்துகள், மேற்கோள் குறிகள், இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு ஆங்கிலம் எது, தமிழ் எது என்று பிரிக்கத் தெரியாததால் ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிக் குழப்பிவிடும்.

புதிதாக அடிக்க விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ்99 கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் மொழி மாறும். தட்டச்சே வராதவர்களுக்குப் போனில் ஜிபோர்டின் குரல் உள்ளீடு கைகொடுக்கும்: கூகுள் டாக்ஸ் கோப்பில் பேசி முடித்து, கணினியில் அதைத் திறந்து வெட்டி ஒட்டலாம். கலைச்சொற்களில் அது தடுமாறும். "பச்சையம்", "தரசம்" போன்றவற்றைத் திருத்தியே ஆக வேண்டும்.

ஸ்லைடின் அளவும் எழுத்தின் அளவும்

இதில்தான் பலர் தெரியாமல் சறுக்குகிறார்கள். எழுத்தளவு 28 என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவு என்று எண்ணுகிறோம். அப்படி இல்லை. கூகுள் ஸ்லைட்ஸ் தரும் அகலத் திரை ஸ்லைடு 10 அங்குல அகலம், 5.625 அங்குல உயரம். பவர்பாயிண்ட் தருவது 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். திரையில் காட்டும்போது இரண்டும் திரையை நிரப்பும்படி விரிகின்றன. ஆகவே கூகுளில் 24 என்று வைத்த எழுத்தும், பவர்பாயிண்டில் 32 என்று வைத்த எழுத்தும் திரையில் ஒரே உயரம். பவர்பாயிண்டில் 24 வைத்துவிட்டு "போதுமே" என்று இருந்தால் கடைசி பெஞ்சு பிள்ளை கண்ணைச் சுருக்கும்.

எங்கள் கணக்கில் கூகுளில் 24க்குக் கீழும், பவர்பாயிண்டில் 32க்குக் கீழும் எதுவும் இருக்கக் கூடாது. தலைப்பு இதைவிட ஒன்றரை மடங்கு. படத்தின் பாகக் குறிப்புகளும் இதே அளவில்தான். பாடநூல் படத்தை அப்படியே ஒட்டும்போது அதிலுள்ள சின்ன எழுத்துகள் பின்னால் இருப்பவர்களுக்குப் படிக்காது. அதை அழித்துவிட்டு உங்கள் எழுத்தில் மறுபடி எழுதுங்கள்.

வகுப்புக்குப் போகாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. 65 அங்குல ஸ்மார்ட் போர்டின் படம் சுமார் 81 செ.மீ. உயரம், 14 அங்குல லேப்டாப்பின் திரை சுமார் 17.4 செ.மீ. உயரம். லேப்டாப்பில் ஸ்லைடை முழுத்திரையில் ஓடவிட்டு 1.7 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். போர்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் உங்களுக்கும் தெரியும். தடையில்லாமல் வாசிக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பெரிதாக்க இடமில்லையென்றால் அந்த ஸ்லைடில் சொற்கள் அதிகம்.

பழைய புரொஜெக்டர் சில 4:3 வடிவம். அதில் அகலத் திரை ஸ்லைடு மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சிறுத்துத் தெரியும். உங்கள் பள்ளியில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வேலையைத் தொடங்கும் முன்பே ஃபைல் மெனுவில் பேஜ் செட்டப்பில் அளவை முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் படங்கள் இடம் பெயரும்.

வரி இடைவெளியும் தமிழுக்குத் தனி. இகர, ஈகாரக் குறிகள் மேலேயும் உகர, ஊகாரக் குறிகள் கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழ் நெருக்கியடித்துத் தெரியும். 1.2 முதல் 1.3 வரை வையுங்கள். சாய்வெழுத்தைத் தவிருங்கள், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்படவில்லை, கணினி எழுத்தை இழுத்துச் சாய்ப்பதால் வடிவம் கெடுகிறது. அழுத்தம் வேண்டிய சொல்லுக்குத் தடித்த எழுத்து போதும்.

எழுத்துருவுக்குக் கூகுள் ஸ்லைட்ஸில் எழுத்துருப் பட்டியலின் மேலே உள்ள மோர் ஃபான்ட்ஸைத் திறந்து, ஸ்கிரிப்ட்ஸில் தமிழைத் தேர்ந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. அதை ஒவ்வொரு ஸ்லைடிலும் மாற்றிக்கொண்டிருக்காமல் வியூ மெனுவில் தீம் பில்டரில் ஒருமுறை அமையுங்கள். பவர்பாயிண்டில் இதே வேலைக்கு ஸ்லைடு மாஸ்டர்.

நிறத்தில் ஒன்றைச் சொன்னால் போதும். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. கறுப்பு என்று நாம் காண்பது ஒளி விழாத சுவரைத்தான். ஜன்னல் திறந்த பகல் வகுப்பில் கறுப்புப் பின்னணி சாம்பலாகி எழுத்து மங்கும். வெள்ளை அல்லது இளமஞ்சள் பின்னணியில் கருமையான எழுத்து நிற்கும். ஸ்மார்ட் போர்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஒரு பாடம் எடுத்துக்கொள்வோம்: ஒளிச்சேர்க்கை

45 நிமிட வகுப்புக்குப் பத்து ஸ்லைடு தாராளம். பாடநூல் வரிகளை ஸ்லைடில் ஏற்றி வாசிப்பது வீண் வேலை. புத்தகம் பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. ஸ்லைடு செய்ய வேண்டியது, கேள்வியைக் கண்முன் நிறுத்துவதும் புத்தகத்தில் இல்லாத படத்தைக் காட்டுவதும்தான்.

முதல் ஸ்லைடில் ஒரு மரத்தின் படம், அதன் கீழ் ஒரே வரி: "இந்த மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" பிள்ளைகள் மண் என்பார்கள், உரம் என்பார்கள், தண்ணீர் என்பார்கள். மூன்று விடையையும் கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதில் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்ட் செய்த சோதனையின் எண்கள். அவர் இறந்த பின் 1648இல் வெளிவந்த நூலில் இது இருக்கிறது. சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2.3 கிலோ எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 77 கிலோ ஆனது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 57 கிராம். இந்த நான்கு எண்களைத் தவிர ஸ்லைடில் வேறெதுவும் வேண்டாம். அமைதியாக அரை நிமிடம் விடுங்கள். மண் என்று சொன்ன பிள்ளை தானே விடையை மாற்றும். மூன்றாவதில்: "தண்ணீர் மட்டும்தான் மரமானது என்று ஹெல்மான்ட் முடிவு செய்தார். அவர் எதை எண்ணிப் பார்க்கவில்லை?" காற்று என்ற விடை வந்துவிட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரி.

நான்கு முதல் எட்டு வரை தரசச் சோதனை. தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, ஓர் இலையின் நடுவில் கறுப்புத் தாளைச் சுற்றி வெயிலில் வைப்பது. இலையைக் கொதிநீரில் இடுவது. பிறகு ஆல்கஹாலில் இட்டு, அந்தக் கிண்ணத்தைச் சுடுநீருக்குள் வைத்துப் பச்சையத்தை நீக்குவது. அயோடின் சொட்டு விடுவது. படிக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு வரி. ஆல்கஹாலை நேரடித் தீயில் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்பதைப் படத்தின் மேலேயே சிவப்பில் எழுதுங்கள். இது வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அயோடின் விட்ட படத்துக்கு முந்தைய ஸ்லைடில் நிறுத்தி, "எந்தப் பகுதி கருநீலமாகும்? நோட்டில் வரைந்து நிழலிடுங்கள்" என்று கேளுங்கள். எல்லோரும் வரைந்த பிறகே அடுத்தது.

விடையை அனிமேஷனில் மறைத்து வைப்பதைவிட ஸ்லைடை நகலெடுத்து அடுத்ததில் விடையைச் சேர்ப்பது நல்லது. கன்ட்ரோலோடு டி (D) அழுத்தினால் நகல் வரும். காரணம், பிடிஎஃப் ஆக மாற்றும்போது அனிமேஷன் போய்விடும். கேள்வியும் விடையும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கும். அதைத் தளத்தில் போட்டால் வீட்டில் யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. சுழன்று வருவது, பறந்து வருவது எல்லாம் முதல் நாள் சிரிப்பைத் தரும், மூன்றாம் நாள் கவனத்தைக் கெடுக்கும்.

படங்களைப் பற்றி: போனில் எடுத்த படம் பெரும்பாலும் 4000 பிக்சல் அகலமும் 3 முதல் 5 எம்பி எடையும் இருக்கும். முழுத்திரைக்கு 1920 பிக்சல் போதும். குறைத்து ஏற்றினால் கோப்பு கனக்காது. பவர்பாயிண்டில் படத்தைச் சொடுக்கி, கம்ப்ரஸ் பிக்சர்ஸில் 150 பிபிஐ தேர்ந்து, இந்தப் படத்துக்கு மட்டும் என்ற குறியை எடுத்துவிட்டால் எல்லாப் படமும் ஒரே சொடுக்கில் சுருங்கும். பிறர் எடுத்த படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸில் தேடி, எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் படத்தின் கீழே ஒரு வரியில் போடுங்கள். கற்பித்தலின்போது பயன்படுத்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியருக்குச் சலுகை தருகிறது. உலகம் முழுக்கத் திறந்திருக்கும் தளத்தில் ஏற்றுவதும் அதற்குள் அடங்கும் என்று எண்ண வேண்டாம்.

யூடியூப் வீடியோவை இன்செர்ட் மெனு வழியாகச் சேர்த்தால், ஃபார்மட் ஆப்ஷன்ஸில் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிய வேண்டும் என்று குறிக்கலாம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள்.

வகுப்பில் காட்டும் நாள்

நெட் இருக்காது என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். ஃபைல் மெனுவில் டவுன்லோடு போய் பவர்பாயிண்ட் கோப்பான பிபிடிஎக்ஸ் ஒன்று, பிடிஎஃப் ஒன்று என இரண்டையும் பென்டிரைவில் வையுங்கள். இரண்டு எதற்கு என்றால், கூகுளில் தேர்ந்த எழுத்துரு, பிபிடிஎக்ஸைத் திறக்கும் எல்லாக் கணினியிலும் தெரியும் என்று நம்ப முடியாது. லேப் கணினியில் முக்த மலர் இல்லையென்றால் விண்டோஸின் நிர்மலா யூஐ எழுத்துரு வந்து உட்காரும். லினக்ஸ் கணினியாக இருந்தால் வேறொன்று. எழுத்து அகலம் மாறுவதால் ஒரு வரியில் நின்றது இரண்டாகி, பெட்டிக்கு வெளியே வழியும். பிடிஎஃபில் எழுத்துரு உள்ளேயே இருப்பதால் எங்கே திறந்தாலும் அப்படியே தெரியும். பவர்பாயிண்டிலேயே செய்பவர்கள், ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்பில் பதிக்கும் பெட்டியில் குறியிட்டுக்கொள்ளலாம்.

பேச்சுக் குறிப்புகளைத் திரைக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதியில் எழுதுங்கள். அவை உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டுமென்றால் விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர வேண்டும். டூப்ளிகேட்டில் இருந்தால் உங்கள் குறிப்பும் விடையும் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இரண்டு விசைகளைப் பழகிவிட்டால் வகுப்பு உங்கள் கையில் இருக்கும். ஸ்லைடு ஓடும்போது பி (B) அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்பும். பிள்ளைகள் நோட்டில் எழுத வேண்டிய நேரத்திலும், ஒரு கேள்விக்கு விளக்கம் சொல்லும் நேரத்திலும் திரையை அணைத்துவிடுங்கள். எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் அந்த ஸ்லைடுக்கு நேரே போகலாம். பின்னோக்கிப் பத்து முறை தட்டித் தேட வேண்டியதில்லை.

தளத்துக்கு வருவோம்

சைட்ஸ்.கூகுள்.காம் போய் வெற்றுத் தளம் ஒன்றைத் திறங்கள். வலப்பக்கம் மூன்று தாவல்கள்: இன்செர்ட், பேஜஸ், தீம்ஸ். தீம் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் நேரம் போக்க வேண்டாம். தீம் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் பார்ப்பவரின் போனில் உள்ள தமிழ் எழுத்துருவே தெரியும், அது நன்றாகவே இருக்கும்.

மேலே பெரிய படம் வருகிற தலைப்புப் பகுதிதான் கவனிக்க வேண்டியது. அதன் மேல் சுட்டியை வைத்தால் ஹெடர் டைப் என்று வரும். கவர் என்பதை விட்டால் பள்ளிக் கட்டடப் படமே போன் திரையை முழுக்க நிரப்பிவிடும். பெற்றோர் கீழே தள்ளிப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாமல் மூடிவிடுவார்கள். பேனர் அல்லது டைட்டில் ஒன்லி வையுங்கள்.

பக்கங்கள் நான்கு போதும்: முகப்பு, வீட்டுப்பாடம், பாடங்கள், தொடர்பு. கணினியில் இவை மேலே வரிசையாகத் தெரியும். போனிலோ மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த மூன்று கோடு மெனு என்று பல வீடுகளில் தெரியாது. ஆகவே முகப்பிலேயே இன்செர்ட் வழியாகப் பட்டன்கள் வையுங்கள்: "இந்த வார வீட்டுப்பாடம்", "அறிவியல் ஸ்லைடுகள்". பட்டன்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு பத்திகளாக அமைத்தவை போனில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கொட்டும்போது, இடப்பக்கத்துத் தலைப்பும் வலப்பக்கத்து விளக்கமும் உறவறுந்து நிற்கும். மேலே உள்ள ப்ரிவ்யூவில் போன் வடிவம் இருக்கிறது; ஒவ்வொரு முறையும் அதில் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

வீட்டுப்பாடத்தைக் கைப்பட எழுதிப் படம் பிடித்துப் போடும் பழக்கத்தைத் தளத்துக்குக் கொண்டு வராதீர்கள். எழுத்தாகவே அடியுங்கள். எழுத்தென்றால் தேடலாம், நகலெடுக்கலாம், பார்வைக் குறைபாடுள்ள பெற்றோர் போனைப் படித்துக் காட்டச் சொல்லலாம். கால அட்டவணையை ஷீட்டாகப் பதித்தால் போனில் பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருக்கும், "திங்கள்: தமிழ், கணக்கு, அறிவியல்..." என்று ஐந்து வரி எழுதினால் ஒரே பார்வையில் தெரியும்.

பக்கத்துக்குத் தமிழில் பெயர் வையுங்கள். ஆனால் முகவரி ஆங்கிலத்தில் இருக்கட்டும். பேஜஸ் தாவலில் பக்கத்தின் மூன்று புள்ளியைச் சொடுக்கி, ப்ராப்பர்ட்டிஸ், அட்வான்ஸ்டு, கஸ்டம் பாத் என்று போய்ச் சின்ன ஆங்கிலச் சொல் ஒன்றைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் தமிழ்ப் பெயரே முகவரியாகி, நகலெடுக்கும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக மூன்று வரிக்கு நீளும். வாட்ஸ்ஆப்பில் அதைப் பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று அஞ்சித் தொடமாட்டார்.

பாடநூலின் பிடிஎஃபை நீங்கள் ஏற்ற வேண்டாம். அது கனமானது, பதிப்பு மாறக்கூடியது. அரசுத் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டின் கீழ் ஆறு எழுத்துக் குறியீடு இருக்கிறதே, அதையும் பாடத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். க்யூஆரின் படத்தைத் தளத்தில் போட்டால், ஒரே போனில் தளத்தைப் பார்க்கும் வீட்டில் அதே போனின் கேமராவால் அதைப் பிடிக்க முடியாது. அந்த எழுத்துகளை அரசின் பாடச் செயலியான தீக்ஷாவில் அடித்துத் தேடிக்கொள்வார்கள்.

வெளியிடும்போது வரும் மூன்று தவறுகள்

பப்ளிஷ் பட்டனைத் தட்டினால் முகவரி கேட்கும். சின்ன ஆங்கில எழுத்து, எண், இடையில் ஒரு கோடு என்று சுருக்கமாக வையுங்கள். வகுப்பு எண்ணையோ ஆண்டையோ அதில் சேர்க்காதீர்கள். அடுத்த ஜூனில் முகவரியை மாற்ற நேர்ந்தால் நீங்கள் அச்சிட்டு ஒட்டிய க்யூஆர் எல்லாம் செத்துப்போகும். தேடுபொறிகளில் காட்ட வேண்டாம் என்ற பெட்டியிலும் குறியிடுங்கள். வகுப்புக்குள் பகிரும் தளத்துக்கு வெளியாட்கள் தேடி வரத் தேவையில்லை.

முதல் தவறு, தவறான இணைப்பை அனுப்புவது. திருத்தும் பக்கத்தின் மேலே உலாவியில் தெரியும் முகவரியை அப்படியே நகலெடுத்துக் குழுவில் போட்டுவிடுவார்கள். திறப்பவர்களுக்கு அனுமதி கேட்கும் பக்கம் வரும். உங்கள் மின்னஞ்சலுக்கு நாற்பது வேண்டுகோள் வந்து சேரும். பப்ளிஷ் பட்டனுக்குப் பக்கத்தில் சங்கிலி வடிவக் குறி இருக்கிறது, அது தரும் இணைப்புதான் சரி.

இரண்டாவது, தளம் திறக்கும் ஆனால் உள்ளே பதித்த ஸ்லைடும் பிடிஎஃபும் திறக்காது. தளத்தின் அனுமதி வேறு, டிரைவில் உள்ள கோப்பின் அனுமதி வேறு. ஒவ்வொரு கோப்பாக அனுமதி கொடுக்காமல் டிரைவில் "வகுப்புத்தளம்" என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, ஷேரில் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அமைத்து, வியூவர் என்று விட்டுவிடுங்கள். எடிட்டர் என்று தவறிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். தளத்தில் போடுவது எல்லாம் இந்த ஃபோல்டருக்குள். மதிப்பெண் பட்டியல் போன்றவை ஒருநாளும் இதற்குள் வரக் கூடாது. உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியின் இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை. உள்ளே நுழைந்த நிலையில் உங்களுக்கு எல்லாமே திறக்கும்.

மூன்றாவது, "மாற்றினேன், தெரியவில்லையே" என்பது. பக்கத்தில் செய்யும் திருத்தம் மறுபடி பப்ளிஷ் தட்டும்வரை வெளியே போகாது. பதித்த கூகுள் ஸ்லைடோ இதற்கு நேர்மாறு: அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அப்போதே தளத்தில் தெரியும். எனவே வெளியிட்ட ஸ்லைடை நகலெடுத்து வைத்துக்கொண்டு நகலில் திருத்துங்கள். பிடிஎஃபில் பிழை கண்டால் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். டிரைவில் அந்தக் கோப்பை வலச்சொடுக்கி, மேனேஜ் வெர்ஷன்ஸ் வழியாகத் திருத்திய கோப்பை ஏற்றினால் பழைய இணைப்பே தொடரும்.

இணைப்பை ஒட்டுவதற்குக் குரோமில் பக்கத்தின் மேல் வலச்சொடுக்கினால் க்யூஆர் உருவாக்கும் வசதி வரும். நோட்டின் உள்ளட்டையில் ஒட்ட 3 செ.மீ. சதுரம் போதும். கீழே முகவரியை எழுத்திலும் அச்சிடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி எதைப் போடக் கூடாது

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், திறந்த தளத்தில் முகம், பெயர், மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண், மதிப்பெண், வருகைப் பதிவு எதுவும் வேண்டாம். பிள்ளைகள் செய்ததைக் காட்ட விரும்பினால் கையையும் செய்த பொருளையும் படமெடுங்கள்.

ஒரு நுணுக்கம்: முகத்தை ஸ்லைடுக்குள் வெட்டி மறைத்தால் அது உண்மையில் போய்விடுவதில்லை. வெட்டிய பகுதி கோப்பிலேயே இருக்கும். நகலெடுத்த யாரும் மீட்டுவிடலாம். போனிலேயே வெட்டிச் சேமித்த பிறகு ஏற்றுங்கள். அதேபோல் தளத்தில் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவின் அழைப்பு இணைப்பைப் போடாதீர்கள். அறியாதவர்கள் உள்ளே வந்தால் எல்லாப் பெற்றோரின் எண்ணும் அவர்கள் கைக்குப் போகும்.

கூகுள் படிவத்தில் சிறு தேர்வு வைப்பவர்கள், பதில்களின் சுருக்கத்தைக் காட்டும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டையும், கோப்பு ஏற்றும் கேள்வியையும் வைத்தால் ஜிமெயிலில் நுழையச் சொல்லும். கடவுச்சொல் நினைவில்லாத வீட்டுப் போனில் பிள்ளையின் தேர்வு அங்கேயே நின்றுவிடும். இந்த இரண்டையும் தவிருங்கள்.

வாராவாரம், ஆண்டு முடிவில்

வெள்ளிக்கிழமை இருபது நிமிடம் ஒதுக்குங்கள். புதிய வீட்டுப்பாடம் மேலே, பழையது கீழே. "புதுப்பித்தது: 14 ஜூலை" என்று முகப்பில் முதல் வரியாக நீங்களே அடியுங்கள். மூன்று வாரம் பழைய தேதியைப் பார்த்தால் பெற்றோர் மறுபடி வரமாட்டார்கள். அவசர அறிவிப்புக்கு செட்டிங்ஸில் அனவுன்ஸ்மென்ட் பேனர் இருக்கிறது. மழை விடுமுறை போன்ற செய்தியை அதில் போட்டு, மறுநாள் மறக்காமல் எடுத்துவிடுங்கள். கல்வியாண்டு முடிந்ததும் அந்த ஆண்டின் பக்கங்களை அழிக்காமல் மெனுவிலிருந்து மட்டும் மறைத்து வையுங்கள்; ஸ்லைடுகள் அடுத்த ஆண்டும் வேண்டும்.

இலவசக் கணக்கில் மொத்த இடம் 15 ஜிபி, அதுவும் மின்னஞ்சல், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. வகுப்பு வீடியோக்களை டிரைவில் குவிக்காமல் யூடியூபில் அன்லிஸ்டடாக (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றித் தளத்தில் பதியுங்கள்.

மாறுதல் ஆணை வருவது ஆசிரியருக்குப் புதிதில்லை. தளம் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருந்தால் டிரைவில் அந்தத் தளக் கோப்பின் ஷேரில் அடுத்து வருபவரைச் சேர்த்து, உரிமையை அவருக்கு மாற்றக் கோருங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாறும். தளத்தை மட்டும் மாற்றிவிட்டு ஸ்லைடுகளை விட்டுவிட்டால், பின்னால் நீங்கள் உங்கள் டிரைவைத் துப்புரவு செய்யும் நாளில் அங்கே பெட்டிகள் காலியாகும். ஃபோல்டருக்குள் உள்ள கோப்புகளையும் தனித்தனியே மாற்றுங்கள். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே வகுப்புத் தளத்துக்கென்று தனி ஜிமெயில் ஒன்றைத் திறந்து, மீட்பு எண்ணாகத் தலைமை ஆசிரியர் அறையின் போனைக் கொடுத்து, கடவுச்சொல்லை மூடிய உறையில் அலுவலகப் பீரோவில் வைத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு யாரும் உள்ளே நுழையாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். ஆகையால் ஒவ்வொரு ஜூனிலும் ஒருமுறை நுழைய வேண்டும் என்று அந்த உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.